உங்களுக்கு ஏற்ற நிறம் எது? கணிப்பொறி கூறுமா?

ஒரே நீலச் சட்டை ஒருவருக்கு எடுப்பாக இருக்கிறது. இன்னொருவரின் முகத்தை வாட்டமாகக் காட்டுகிறது. இது ஏன்?

பாரிஸ் நகரின் கோபெலின் நெசவாலையில் சாயப் பிரிவின் தலைவராக இருந்தவர் செவ்ரல் என்னும் வேதியியல் அறிஞர். கருப்புச் சாயம் மங்கலாக இருக்கிறது என்று அவரிடம் முறையிட்டனர். அவர் சோதித்தார். சாயத்தில் குறை இல்லை. பக்கத்தில் நெய்யப்பட்ட நிறங்களே கருப்பை மங்கலாகக் காட்டின! இவ்வுண்மையை 1839இல் அவர் நூலாக வெளியிட்டார். பச்சைத் துணிக்கு அருகில் முகம் சற்றுச் செம்மையாகத் தோன்றுவதும் இதனால்தான்.

1980இல் அமெரிக்காவில் கரோல் ஜாக்சன் எழுதிய ஒரு நூல், மனிதர்களை இளவேனில், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம் என நான்கு பருவங்களாகப் பிரிக்கும் முறையைப் பரப்பியது. தோல், கூந்தல், கண் ஆகியவற்றின் நிறத்தைக் கொண்டு பருவத்தைக் கூறி, அதற்குரிய நிறங்களை அணியச் சொல்வது இம்முறை. செவ்ரல் கண்டது அறிவியல். இந்நான்கு பெட்டிகளோ ரசனையைச் சார்ந்த ஓர் ஏற்பாடு. இவ்வேறுபாட்டை நீங்கள் மறக்கலாகாது.

இன்று பலர் தம் முகப்படத்தைச் செயற்கை நுண்ணறிவு உதவியாளனிடம் கொடுத்து, ‘நான் எந்தப் பருவம்?’ என்று கேட்கிறார்கள். அது தயங்காமல் விடை தருகிறது. அவ்விடையை எவ்வளவு நம்பலாம்?

கணிப்பொறிக்கு உங்கள் முகம் எண்களின் அடுக்கு மட்டுமே. படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள் உண்டு. வழக்கமாக ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை இருக்கும். ஆனால் இவ்வெண்கள் உங்கள் தோலின் நிறத்தை மட்டும் கூறுவன அல்ல. விழும் ஒளியும், தோல் அதைத் திருப்பி அனுப்பும் அளவும் பெருகி வந்த விடையே அவை. பெருக்கல் விடை 12 என்று மட்டும் சொன்னால், அது 3×4ஆ, 2×6ஆ என்று எப்படி அறிவது? மஞ்சள் ஒளி தரும் குண்டு பல்பின் கீழ் உங்கள் தோல் ‘வெதுவெதுப்பான’ நிறமாகவும், நிழலில் நீலவானின் ஒளியில் ‘குளிர்ந்த’ நிறமாகவும் பதிவாகலாம். செல்பேசியின் கேமரா ஒளியை ஊகித்துத் திருத்துகிறது. அழகூட்டும் வசதி இருந்தால் தோலையே மாற்றிவிடுகிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. இக்கருவிகள் தமக்குக் காட்டப்பட்ட படங்களிலிருந்தே கற்கின்றன. முகத்தைக் கண்டு ஆணா பெண்ணா எனக் கூறும் மூன்று நிறுவனங்களின் கருவிகளை ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரூ என்னும் ஆய்வாளர்கள் 2018இல் சோதித்தனர். வெளிர்நிற ஆண்களிடம் பிழை 0.8 விழுக்காட்டைத் தாண்டவில்லை. கருநிறப் பெண்களிடமோ 34.7 விழுக்காடு வரை சென்றது. அது வேறு பணி, வேறு கருவி. எனினும் நம்மைப் போன்ற மாநிறத்தோரும் கருநிறத்தோரும் மனத்தில் கொள்ள வேண்டிய செய்தி இது.

நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். கன்னத்தின் அருகே ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டு, சன்னலோரப் பகல் ஒளியில் ஒன்று, குழல்விளக்கில் ஒன்று, மஞ்சள் விளக்கில் ஒன்று என மூன்று படங்கள் எடுங்கள். மூன்றிலும் தாள் வெவ்வேறு சாயலில் இருப்பதைக் காணக்கூடும். ஒவ்வொரு படத்தையும் தனித்தனி உரையாடலில் கொடுத்துக் கேளுங்கள். விடைகள் மாறினால், அவை உங்கள் நிறத்தை மட்டும் சார்ந்தவை அல்ல என்று அறியலாம்! மூன்றும் ஒன்றாகவே இருந்தாலும் அது சரியான விடை என்று ஆகிவிடாது. முகப்படத்தைப் பிறர் கணிப்பொறிக்கு அனுப்புகிறோம் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

அப்படியானால் இவ்வுதவியாளனால் பயனே இல்லையா? உண்டு. எந்த நிறத்துக்கு எது எதிர்நிறம், எவை இணைந்து பொருந்தும் என்று கேட்டு அறியலாம். பிறகு அத்துணிகளைப் பகல் ஒளியில் முகத்தருகே வைத்துக் கண்ணாடியில் பாருங்கள். செவ்ரல் செய்ததும் அதுவே: பிறர் சொன்னதை அப்படியே ஏற்காமல், பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

‘இந்நிறம் உனக்கு ஆகாது’ என்று ஒரு கருவி சொல்வதால் மட்டும் விருப்பமான ஆடையைப் பெட்டியில் பூட்டிவைக்க வேண்டியதில்லை.