ஹகோடாத்தேயில் ஒரு பகல்

கப்பல் பிரயாணத்தில் ஒரு விசித்திரம் உண்டு. ரயிலில் போனால் நாம் ஊரைத் தேடிப் போகிறோம். கப்பலிலோ ஊரே நம்மைத் தேடி வந்துவிடுகிறது. இரவு படுக்கும்போது நாலு பக்கமும் இருண்ட சமுத்திரம். விடியற்காலையில் ஜன்னல் திரையை விலக்கினால் எதிரே பச்சை மலை ஒன்று, அதன் அடிவாரத்தில் ஒரு பட்டணம், நமக்காகவே காத்திருப்பதுபோல் நிற்கிறது. "காலை எட்டு மணிக்கு இறங்கலாம், மாலை ஐந்து மணிக்குக் கப்பல் புறப்படும்" என்று ஒலிபெருக்கி சொல்கிறது. ஆக, ஒரு பட்டணத்தைப் பார்க்க நமக்குக் கிடைப்பது ஒன்பது மணி நேரம். இறங்குவதற்கும் ஏறுவதற்கும் ஆகும் நேரத்தைக் கழித்தால் உண்மையில் ஏழு மணிதான்.

ஜப்பான் தேசத்தின் வடக்கே உள்ள பெரிய தீவு ஹொக்கைடோ. அதன் தென்முனையில், ட்சுகாரு ஜலசந்தியைப் பார்த்துக்கொண்டிருக்கும் துறைமுகம் ஹகோடாத்தே. இருநூறு வருஷத்துக்கு மேலாகக் கதவைச் சாத்தியிருந்த ஜப்பானை, 1854-ல் அமெரிக்கத் தளபதி பெர்ரி போர்க்கப்பல்களுடன் வந்து உடன்படிக்கைக்கு இணங்க வைத்தார் அல்லவா? அந்த உடன்படிக்கையினால் அமெரிக்கக் கப்பல்களுக்குத் திறக்கப்பட்ட துறைமுகங்கள் இரண்டே இரண்டு. ஒன்று ஷிமோடா, மற்றொன்று ஹகோடாத்தே. 1859-ல் அந்நிய வியாபாரமும் இங்கே ஆரம்பமாயிற்று. பீரங்கிக்குப் பயந்து திறந்த கதவு வழியாக என்னென்ன உள்ளே வந்தன, அவற்றை இந்த ஜனங்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் இவ்வூரில் பார்க்க வேண்டிய விஷயம்.

எப்படிப் பார்ப்பது என்று சொல்லுமுன், எப்படிப் பார்க்கக் கூடாது என்பதை என் சொந்த அநுபவத்திலிருந்து சொல்லிவிடுகிறேன். நான் ஒரு நண்பருடனும், எழுபது வயதான அவருடைய தாயாருடனும் அங்கே இறங்கியது செர்ரி மரங்கள் பூக்கும் காலம். நண்பர் ஒரு ஜாபிதா தயாரித்திருந்தார். சந்தை, கோட்டை, வெந்நீர் ஊற்று, கன்னிமாடம், மாதாகோவில்கள், மலையுச்சி - ஆக ஒன்பது இடங்கள். ஒவ்வொன்றுக்கும் இத்தனை நிமிஷம் என்று கணக்கு. கோட்டைக்குள் பூத்துக் குலுங்கிய ஒரு மரத்தடியில் அம்மாள் உட்கார்ந்தார். அவர் முந்தானையில் நாலு இதழ்கள் விழுவதற்குள், "அம்மா, எழுந்திரு! நேரமாகிவிட்டது!" என்று நண்பர் கிளப்பிவிட்டார். வெந்நீர் ஊற்றுக்குப் போய், அங்கிருந்து ஓடி, கப்பலின் ஏணிப்படியைத் தூக்குவதற்குப் பத்து நிமிஷம் இருக்கையில் மூச்சிரைக்க வந்து சேர்ந்தோம். அம்மாளின் முழங்கால் வீங்கிவிட்டது. இரவு தைலம் தடவிக்கொண்டே, "ஏண்டாப்பா, பூவைப் பார்க்க வந்தோமா, கடியாரத்தைப் பார்க்க வந்தோமா?" என்று கேட்டார். எங்கள் இருவரிடமும் பதில் இல்லை.

ஆகவே, நேயர்கள் முதலில் தீர்மானிக்க வேண்டியது எதை விடுவது என்பதை. வெந்நீர் ஊற்று, கன்னிமாடம், ஊருக்கு வெளியே ரயிலேறிப் போய்ப் பார்க்கும் ஓநுமா ஏரி எல்லாம் அழகானவைதாம். அங்கே இரண்டு நாள் தங்குகிறவர்களுக்கு விட்டுவிடுங்கள். ஒரு பகலுக்கு முற்பகலில் கோட்டை, பிற்பகலில் மலையடிவாரத்துப் பழைய வீதிகள் போதும்.

அடுத்தபடியாக, கப்பல் எந்தத் துறையில் கட்டப்படும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பயணிக் கப்பல்கள் வந்து நிற்கும் துறைகள் இங்கே இரண்டு. 2018 முதல் உபயோகத்திலிருக்கும் வகமட்சுத் துறை ரயில் நிலையத்துக்கு வெகு சமீபம். ஐந்து பத்து நிமிஷம் நடந்தால் ஊர் நடுவில் இருக்கலாம். மினாட்டோசோ என்னும் மற்றொரு துறையோ ஊருக்கு வடக்கே, நடந்து போக முடியாத தொலைவில் சரக்குக் கப்பல்களுக்கு மத்தியில் இருக்கிறது. அங்கே நின்றால் பஸ்ஸையோ வாடகைக் காரையோ நம்ப வேண்டும். போகும்போது பஸ் கிடைப்பதில் சிரமமில்லை. திரும்பும்போதுதான் கப்பல் முழுவதும் ஒரே பஸ்ஸுக்கு வரிசையில் நிற்கும். கடைசி பஸ்ஸை உங்கள் பஸ் என்று எண்ணாதீர்கள். அதற்கு முந்தினதற்கும் முந்தினதே உங்களுடையது. தாமதமாக வந்தவருக்காகக் கப்பல் காத்திராது. அடுத்த துறைமுகத்துக்குச் சொந்தச் செலவில் போய்ச் சேர வேண்டியதுதான். கைக்கடியாரத்தையும் கவனியுங்கள். ஜப்பான் நேரம் நம் நேரத்துக்கு மூன்றரை மணி முந்தியது. ஊர் நினைவாக இந்திய நேரத்தையே வைத்துக்கொண்டு மனக்கணக்குப் போடுவோர் சிலர் உண்டு. தேசபக்தியைக் காட்ட அது இடமல்ல.

இனி, எல்லோரையும் மயக்கும் ஒரு சமாசாரம். ஹகோடாத்தே என்றாலே அதன் இராக்காட்சியைத்தான் ஜப்பானியர் சொல்லுவார்கள். 334 மீட்டர் உயரமுள்ள மலையின் உச்சியிலிருந்து பார்த்தால், இரு புறமும் கடல் நெருக்க, இடை சிறுத்த பெண்ணைப்போல் பட்டணம் தீபங்கள் ஜொலிக்கப் படுத்திருக்கும். உண்மைதான். ஆனால் ஜூன் மாதத்தில் அங்கே சூரியன் அஸ்தமிப்பதே ஏழு மணிக்கு மேல். ஐந்து மணிக்குப் புறப்படும் கப்பலில் வந்தவருக்கு அந்தக் காட்சி இல்லை. அக்டோபர் கடைசியிலானால் ஐந்து மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். கப்பல் இரவு எட்டு, ஒன்பது வரை நின்றால் கட்டாயம் ஏறலாம். அப்போதும், கம்பி வடத்தில் தொங்கிச் செல்லும் ரோப் கார் மேலே போக மூன்றே நிமிஷம்தான் ஆனாலும், கீழே இறங்க ஒரு மணி நேரம் வரிசையில் நிற்க நேரிடலாம் என்பதை மறக்க வேண்டாம். காற்று பலத்தால் அது ஓடாது; பராமரிப்புக்காக நிறுத்தும் நாட்களும் உண்டு.

காலையில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே விடியற்சந்தை இருக்கிறது. யுத்தம் முடிந்த 1945-ம் வருஷத்தில், சுற்றுப்புறத்துக் குடியானவர்கள் காய்கறி கொண்டுவந்து தரையில் பரப்பி விற்றதில் பிறந்த சந்தை இது. இப்போது நண்டும் கணவாயும் கடல்முள்ளியின் மஞ்சள் நிறச் சதையும் அங்கே பிரதானம். அரை மணி போதும். மரக்கறி உண்போருக்கு ஓர் எச்சரிக்கை: மீன் துண்டு கண்ணில் படாத பதார்த்தத்திலும் மீன் வடித்த சாறு கலந்திருப்பது அந்நாட்டு வழக்கம். கப்பலிலேயே வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, பழமும் ரொட்டியும் கையோடு கொண்டுபோவது உத்தமம். இந்தப் பக்கத்துக் கடலில் விளையும் 'கொம்பு' ஜப்பான் முழுவதும் பெயர்போனது. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம், அது கடற்பாசி. உலர்த்திக் கட்டுக் கட்டாக விற்கிறார்கள்.

சந்தையிலிருந்து நாலடி வைத்தால் டிராம் வண்டி. சென்னைவாசிகளுக்கு இங்கே ஒரு பெருமூச்சு வரும். நம் பட்டணத்தில் 1895-லேயே மின்சார டிராம் ஓடிற்று. 1953-ல் நின்றே போயிற்று. ஹகோடாத்தேயில் 1913-ல் ஆரம்பித்த மின்சார டிராம் இன்றும் மணியடித்துக்கொண்டு போகிறது. பின்பக்கம் ஏறி, இயந்திரத்திலிருந்து நம்பர் சீட்டை எடுத்துக்கொள்ள வேண்டும். இறங்கும்போது முன்பக்கம் வண்டியோட்டியின் அருகிலுள்ள பெட்டியில் சரியான சில்லறையைப் போட வேண்டும். நாள் முழுவதற்குமான சீட்டும் உண்டு.

சுமார் கால் மணியில் கோட்டைக்கான நிறுத்தம். அங்கிருந்து மேலும் கால் மணி நடை. கோர்யோகாக்கு என்ற அந்தக் கோட்டை ஐந்து முனை நட்சத்திர வடிவமாக அமைந்தது. அந்நியருக்குத் துறைமுகத்தைத் திறந்துவிட்ட பிறகு, கடலோரத்திலிருந்த கவர்னர் கச்சேரி பீரங்கிக்கு எளிதில் இலக்காகுமே என்ற கவலை பிறந்தது. உள்ளே தள்ளி ஒரு கோட்டை கட்டும் வேலை டாக்கேடா அயாஸாபுரோ என்ற அறிஞரிடம் வந்தது. ஐரோப்பாவைக் கண்ணாலும் பார்த்திராத அவர், மேல்நாட்டுக் கல்வியைப் புஸ்தகங்கள் மூலம் பயின்றவர். 1857-ல் தொடங்கி 1864-ல் கச்சேரி உள்ளே குடிபுகுந்தது.

நாலு வருஷத்தில் அதற்குச் சோதனை வந்தது. ஷோகனுடைய ஆட்சி வீழ்ந்து மெய்ஜி சக்கரவர்த்தியின் சர்க்கார் ஏற்பட்டபோது, அதை ஏற்காத எனொமோட்டோ டாக்கேயாக்கி என்ற கடற்படைத் தலைவர் தம் கப்பல்களுடன் 1868-ல் வடக்கே ஓடிவந்து இந்தக் கோட்டையைப் பிடித்துக்கொண்டார். தம் உத்தியோகஸ்தர்களிடையே வோட்டு எடுத்து, தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆனால் கோட்டையைக் கட்டிய வேகத்தைவிட பீரங்கிகள் வளர்ந்த வேகம் அதிகம். துறைமுகத்திலிருந்த சர்க்கார் கப்பலின் குண்டுகள் கோட்டைக்குள்ளேயே வந்து விழுந்தன. ஹிஜிகாட்டா டோஷிஸோ என்ற வீரர் 1869 ஜூன் மாதத்தில் போரில் மாண்டார்; சில நாட்களில் எனொமோட்டோ சரணடைந்தார். சிறையில் இருந்த அவரைப் புதிய சர்க்கார் 1872-ல் விடுதலை செய்ததோடு நில்லாமல், ருஷ்யாவுக்குத் தூதராக அனுப்பிற்று. பிற்பாடு மந்திரியாகவும் ஆக்கிக்கொண்டது! கலகக்காரரைக் கழுவில் ஏற்றியிருந்தால் அந்தச் சர்க்காருக்கு ஒரு திறமைசாலி குறைந்திருப்பார்.

107 மீட்டர் உயரமுள்ள கோபுரம் ஒன்று வாசலில் நிற்கிறது. லிப்டில் ஏறி மேலே போனால்தான் நட்சத்திரம் நட்சத்திரமாகத் தெரியும். பிறகு கீழே இறங்கி அகழியோரம் நடக்கலாம். 2010-ல் பழைய முறைப்படி மரத்தால் திருப்பிக் கட்டிய கச்சேரியும் பார்க்கத் தக்கது. யுத்த பூமியில் இப்போது சுமார் 1,500 செர்ரி மரங்கள். ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் வாரம் வரை பூக்காலம். அப்போது போகிறவர்கள், தயவுசெய்து, ஒரு மரத்தடியில் ஒரு மணி நேரமாவது உட்காருங்கள்.

மத்தியானத்துக்கு மேல் ஐந்தாம் நம்பர் டிராமில் ஏறி, ரயில் நிலையத்தையும் தாண்டி, ஸுவெஹிரோ-சோவில் இறங்கலாம். (இரண்டாம் நம்பர் ஜூஜிகாய் என்ற இடத்தில் வேறு பக்கம் திரும்பிவிடும்.) மோட்டோமாச்சி என்ற பழைய பேட்டை இங்கே மலைச்சரிவில் இருக்கிறது. ஹச்சிமான்ஸாகா என்னும் செங்குத்தான வீதியின் மேலிருந்து திரும்பிப் பார்த்தால், வீதி நேரே கடலுக்குள் இறங்குவதுபோல் தோன்றும். சற்றுத் தூரத்துக்குள் ருஷ்ய மாதாகோவில், ரோமன் கத்தோலிக்கக் கோவில், புத்தர் கோவில், பழைய பிரிட்டிஷ் கான்சல் மாளிகை எல்லாம் அடுத்தடுத்து நிற்கின்றன. வயதானவர்களைக் கீழிருந்து ஏறச் சொல்லாதீர்கள். வாடகைக் காரில் மேலே போய், இறங்கி வாருங்கள்.

இக்கட்டிடங்களின் வருஷங்களைப் பார்த்துக்கொண்டே போனால் ஒரு விஷயம் புலப்படும். செங்கல் கிடங்குகள் 1909. பொதுஜன மண்டபம் 1910. கான்சல் மாளிகை 1913. புத்தர் கோவில் 1915. ருஷ்யக் கோவில் 1916. 1907 ஆகஸ்டில் மூண்ட தீ இவ்வூரின் பெரும் பகுதியை விழுங்கியது. இரு கடலுக்கு நடுவிலுள்ள குறுகிய நிலம், ஜலசந்தியிலிருந்து ஓயாத காற்று, மர வீடுகள். கேட்க வேண்டுமா? பத்திரிகையில் வேலை பார்த்துக்கொண்டு அங்கே வசித்த கவி இஷிகாவா டாக்குபொக்கு அந்தத் தீயினால் பிழைப்பிழந்து ஊரை விட்டுப் போனார். எரிந்தவர்கள் செங்கல்லில் கட்டினார்கள். புத்தர் கோவிலையே இரும்பும் கான்கிரீட்டும் கொண்டு எழுப்பினார்கள். அப்படியும் 1934 மார்ச்சில் மறுபடி பெருந்தீ பற்றி, இரண்டாயிரம் பேருக்கு மேல் மாண்டனர். ஊருக்குள் இன்று காணும் அகன்ற, மரம் வைத்த சாலைகள் அழகுக்காகப் போட்டவையல்ல. தீ தாண்டாமலிருப்பதற்காகப் போட்டவை.

கடற்கரையில் கிடங்குகளுக்கு அப்பால் ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. 1864-ல் நீஜிமா ஜோ என்ற இருபத்தொரு வயது இளைஞர், பரதேசம் போனால் மரண தண்டனை என்றிருந்த காலத்தில், நள்ளிரவில் படகேறி அமெரிக்கக் கப்பலில் ஒளிந்து புறப்பட்ட இடம் அது. சுமார் ஒன்பது வருஷம் அமெரிக்காவில் படித்துத் திரும்பி, 1875-ல் கியோட்டோவில் அவர் தொடங்கிய பள்ளியே இன்றைய டோஷிஷா சர்வகலாசாலை. பெர்ரி வெளியிலிருந்து தட்டிய கதவை, அந்தப் பையன் உள்ளேயிருந்து திறந்துகொண்டு போனான்.

நேரமிருந்தால் பகலிலேயே மலை ஏறிப் பார்க்கலாம். இராணுவத்தார் அரண் அமைத்து, யுத்தம் முடியும்வரை பொதுஜனங்களை அண்டவிடாமல் வைத்திருந்த மலை அது. அதனாலேயே பட்டணத்தை ஒட்டியும் காடு அழியாமல் நிற்கிறது.

வகமட்சுத் துறைக்குத் திரும்பும் வழியில் மாஷூ மாரு என்ற பழைய கப்பல் காட்சிசாலையாக நிற்கிறது. ஜலசந்தியைக் கடந்து ரயில் வண்டிகளையே சுமந்து சென்ற கப்பல்களில் அதுவும் ஒன்று. அப்படிப்பட்ட டோயா மாரு 1954 செப்டம்பர் 26-ந் தேதி புயலில் கவிழ்ந்து, ஆயிரத்து நூறு பேருக்கு மேல் இக்கரையருகிலேயே மாண்டார்கள். அதன் பிறகுதான் கடலடிச் சுரங்கத்தின் அவசரம் எல்லோருக்கும் புரிந்தது. சுமார் 54 கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கத்தில் 1988-ல் ரயில் ஓடிற்று. அந்த வருஷமே இந்தக் கப்பல்களுக்கு ஓய்வு.

நாலு மணிக்கே கப்பலேறிவிட்டால் மேல்தளத்தில் நல்ல இடம் கிடைக்கும். கோடையும் இலையுதிர் காலமும் கணவாய் பிடிக்கும் பருவம். கணவாய் குறைந்துவிட்டதால் படகுகளும் முன்னைப்போல் இல்லை. ஆயினும் ஜலசந்தியில் இருட்டும் நேரத்தில் அவை ஒவ்வொன்றாக விளக்கேற்றும். மலையுச்சியில் வரிசையில் நின்றவர்களுக்குத் தூரத்துப் புள்ளிகளாகத் தெரியும் அந்த வெளிச்சத்துக்கு நடுவே நம் கப்பல் போய்க்கொண்டிருக்கும்.