நாலு கண் இருந்தும் குருடா?

வீட்டுக்கு சி.சி.டி.வி. கேமரா வைப்போர் அறிய வேண்டியவை

பொழுது சாய்ந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. பல்லடத்துக்குத் தெற்கே ஒரு தென்னந்தோப்பு. தோப்புக்கு நடுவே ஓர் ஓட்டு வீடு. மெயின் ரோட்டிலிருந்து அந்த வீட்டுக்குப் போக ஒரே வழிதான். இரண்டு பக்கமும் வேலி அடைத்த இட்டேரி. பக்கத்துத் தோட்டத்து விளக்கு எங்கோ தொலைவில் மின்மினி போலத் தெரிந்தது.

வீட்டில் இரண்டே பேர். பெரியவருக்கு எழுபது வயதுக்கு மேல். அவருடைய மனைவிக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவு. மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறார்.

"பயமான்னு கேக்கறீங்களா தம்பி? பயமில்லாமயா நாலு கேமரா மாட்டியிருக்கறோம்!" என்றார் பெரியவர். டெலிவிஷனைப் போட்டுக் காட்டினார்.

திரையில் நான்கு கட்டங்கள். முதல் கட்டத்தில் ஒரே வெள்ளை. மூடுபனி போல இருந்தது. இரண்டாவதில் தென்னை ஓலை ஆடிக்கொண்டிருந்தது. மூன்றாவதில் பாதி கூரை, பாதி வானம். நான்காவதில் மட்டும் வாசல் தெரிந்தது. ஆனால் அங்கே நின்றுகொண்டிருந்த எங்கள் போட்டோகிராபரை எனக்கே அடையாளம் தெரியவில்லை! திரையின் மூலையில் தேதி ஓடிக்கொண்டிருந்தது. அதில் கண்ட ஆண்டு 2000!

"மாட்டுன அன்னிக்கு நல்லாத்தான் தெரிஞ்சுதுங்க" என்றார் பெரியவர்.

"நாலு கண்ணு இருந்தும் குருடுதானுங்க" என்று சிரித்தார் அந்த அம்மா.

சிரித்து ஒதுக்க முடியுமா?

இது சிரித்து ஒதுக்கக்கூடிய விஷயம் அல்ல. அதே பல்லடம் வட்டாரத்தில், சேமலைக்கவுண்டன்பாளையத்தில், 2024 நவம்பர் மாத இறுதியில் ஒரு தோட்டத்து வீட்டில் தாய், தந்தை, மகன் மூவரும் ஓர் இரவில் கொலை செய்யப்பட்டார்கள்.

அடுத்த ஆண்டு மே முதல் தேதி ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே இன்னொரு கொடுமை வெளியே வந்தது. விளக்கேத்தியில் தோட்டத்து வீட்டில் தனியாக இருந்த முதிய தம்பதி கொலை செய்யப்பட்டுக் கிடந்தார்கள். கொலை நடந்து சில நாட்கள் கழித்துத்தான் ஊருக்கே தெரிந்தது. அந்த மாதமே போலீசார் சிலரைக் கைது செய்தார்கள். இரண்டு சம்பவங்களிலும் அவர்களுக்குத் தொடர்பு உண்டு என்று அறிவித்தார்கள்.

அதிலிருந்து கொங்கு நாட்டில் தோட்டம் தோட்டமாகக் கேமரா ஏறிக்கொண்டிருக்கிறது. நல்லதுதான். ஆனால் மாட்டினால் மட்டும் போதுமா?

காவல்காரன் அல்ல, சாட்சி!

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். கேமரா காவல்காரன் அல்ல. அது திருடனின் கையைப் பிடிக்காது. அது ஒரு சாட்சி. பார்த்ததைச் சொல்லும். அவ்வளவுதான்.

2023 நவம்பர் 28-ந் தேதி அதிகாலை. கோவை காந்திபுரத்தில் ஒரு பெரிய நகைக்கடை. உள்ளே புகுந்த ஆசாமி கிலோக்கணக்கில் நகையை வாரிக்கொண்டு போய்விட்டான். கடையில் கேமராக்கள் இருந்தன. அவனைத் தடுத்தனவா? இல்லை. ஆனால் வந்தவன் ஒரே ஆள் என்பதையும், சட்டையால் முகத்தை மூடிக்கொண்டான் என்பதையும் காட்டிக் கொடுத்தன. போலீசார் ஆளைக் கண்டுபிடித்தார்கள். நகையில் பெரும் பகுதியும் மீட்கப்பட்டது.

இன்னொரு சம்பவம். 2015 ஜூன் மாதம் திருச்செங்கோடு கோவிலுக்குப் போன ஓர் இளைஞர் மறுநாள் ரெயில் பாதையில் பிணமாகக் கிடந்தார். வழக்கில் முக்கியமான சாட்சி பின்னர் பல்டி அடித்தார். கோவில் கேமரா பல்டி அடிக்கவில்லை! அன்று பதிவான காட்சி வழக்கின் முக்கியமான ஆதாரங்களில் ஒன்றாயிற்று. 2022-ல் மதுரை தனிக்கோர்ட்டு 10 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டை விசாரித்த ஐகோர்ட்டு நீதிபதிகள் கோவிலுக்கே நேரில் போய்ப் பார்வையிட்டார்கள். 2023 ஜூனில், இருவருக்கு மட்டும் தண்டனையைக் குறைத்து, தீர்ப்பை உறுதி செய்தார்கள்.

ஆகவே நீங்கள் வாங்குவது ஒரு சாட்சியை. சாட்சிக்கு என்ன வேண்டும்? கண் தெரிய வேண்டும். ஞாபகம் இருக்க வேண்டும். நேரம் சரியாகச் சொல்ல வேண்டும். இந்த மூன்றையும் பார்த்து வாங்குங்கள்.

ஒரு நர்சின் யோசனை

வீட்டு வாசலில் கேமரா வைக்கும் யோசனை யாருக்கு முதலில் வந்தது, தெரியுமா? அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தில் இருந்த மேரி வான் பிரிட்டன் பிரௌன் என்ற நர்சுக்கு! வேலை நேரம் காரணமாக அவரும் கணவரும் வெவ்வேறு நேரத்தில் வீட்டில் இருப்பார்கள். தனியாக இருக்கும்போது கதவைத் தட்டுவது யார் என்று தெரியாமல் அவர் பயந்தார்.

கணவருக்கு எலக்ட்ரானிக்ஸ் தொழில். இருவரும் சேர்ந்து ஓர் ஏற்பாட்டை வகுத்தார்கள். கதவில் பல உயரங்களில் துவாரம். துவாரத்துக்குத் துவாரம் நகரும் கேமரா. படுக்கை அறையில் அதன் படம். ஆபத்து என்றால் எச்சரிக்கை கொடுக்க ஒரு பொத்தான். 1966-ல் மனுச் செய்து 1969-ல் காப்புரிமை பெற்றார்கள். அந்தப் பயம்தான் இன்று உங்கள் வாசலில் கேமராவாகத் தொங்குகிறது!

கண்: எத்தனை அடி தெரியும்?

கடைக்குப் போனால், "எத்தனை மெகாபிக்சல்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அதோடு, "லென்ஸ் எத்தனை மில்லி மீட்டர்?" என்றும் கேளுங்கள்.

சிறிய எண் என்றால் அகலமாகத் தெரியும். ஆனால் முகம் சிறுத்துவிடும். பெரிய எண் என்றால் குறுகலாகத் தெரியும். ஆனால் தூரத்து முகமும் பெரிதாக விழும். 2 மெகாபிக்சல் கேமராவில், நல்ல வெளிச்சத்தில், முன்பின் தெரியாதவன் முகத்தை அடையாளம் காட்டும் அளவுக்குத் தெரியும் தூரம் உத்தேசமாக இது:

2.8 மில்லி மீட்டர் லென்ஸ்: 10 அடி.

6 மில்லி மீட்டர் லென்ஸ்: 25 அடி.

12 மில்லி மீட்டர் லென்ஸ்: 50 அடி.

பெரியவர் வீட்டு வாசல் கேமரா 2.8. போட்டோகிராபர் நின்றது 30 அடிக்கு அப்பால். பிறகு முகம் எப்படித் தெரியும்?

எங்கே மாட்டுவது?

தோட்டத்து வீடு என்றால் நான்கு இடம் முக்கியம். முதலாவது, இட்டேரி வந்து சேரும் கேட். வருகிறவன் முகமும் வண்டியும் இங்கேதான் பதிவாக வேண்டும். இதற்கு 6 மில்லி மீட்டர் லென்ஸ் நல்லது. இரண்டாவது, வாசல். இங்கே 2.8 போதும். மூன்றாவது, பொடக்காளி. வாசலைப் பூட்டுகிறோம், பின்பக்கத்தை மறந்துவிடுகிறோம். திருடனுக்கு அது நன்றாகத் தெரியும்! நான்காவது, கட்டுத்தரை அல்லது கிணற்று மோட்டார் ரூம். ஆட்டையும், மோட்டாரின் செம்புக் கம்பியையும் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டல்லவா?

ஊருக்குள் வீடு என்றால் கேட், வாசல், மாடிப்படி, பின்கதவு ஆகியவற்றைப் பாருங்கள்.

எட்டு முதல் பத்து அடி உயரத்தில் மாட்டுங்கள். அதற்கு மேலே போனால் உச்சந்தலைதான் தெரியும். காலை வெயிலுக்கும் மாலை வெயிலுக்கும் நேர் எதிரே வைக்காதீர்கள்.

இரவில் வெள்ளையாகத் தெரிகிறதே, அது ஏன்? இருட்டில் பார்ப்பதற்காகக் கேமராவில் சிறு விளக்குகள் உண்டு. அவற்றின் ஒளி நம் கண்ணுக்குப் படாது. ஆனால் பூச்சிகள் அங்கே வந்து மொய்க்கும். பூச்சியைத் தேடிச் சிலந்தி வரும். கண்ணுக்கு நேரே வலை பின்னும். அந்த வலையில் ஒளி பட்டுத் திரும்பினால் படம் முழுவதும் வெள்ளைதான்! வாரம் ஒரு முறை ஒட்டடைக் குச்சியால் துடைத்தால் போதும். பக்கத்தில் இலை, ஓலை இருந்தாலும் இதே தொல்லை வரும். அவற்றைக் கழித்துவிடுங்கள்.

ஞாபகம்: எத்தனை நாள்?

கேமரா பார்ப்பதை எல்லாம் பதிவு செய்வது ஒரு பெட்டி. சாதாரணக் கேமராவுக்கு டி.வி.ஆர். நெட்வொர்க் கம்பியில் ஓடும் கேமராவுக்கு என்.வி.ஆர். வாங்கும்போது கேமராவும் பெட்டியும் ஒரே வகைதானா என்று பாருங்கள். நெட்வொர்க் கம்பியை 330 அடி வரைதான் நேராக இழுக்கலாம். தோட்டக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பெட்டிக்குள் இருக்கும் ஹார்டு டிஸ்க்தான் ஞாபக சக்தி. கணக்கு சுலபம். 2 மெகாபிக்சல் கேமரா ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 ஜி.பி. இடம் பிடிக்கும். நான்கு கேமராவுக்கு 80 ஜி.பி. ஆகும். 1 டி.பி. டிஸ்க், அதாவது 1,000 ஜி.பி., 12 நாளில் நிரம்பும். 2 டி.பி. என்றால் 24 நாள் வரும். நிரம்பியதும் பழையதை அழித்துவிட்டு அதன் மேலேயே எழுதும்.

எதற்கு அத்தனை நாள் என்று கேட்கலாம். திருட வருகிறவன் முதலில் நோட்டம் பார்க்க வருவான். அந்த நாளும் பதிவில் இருக்க வேண்டும்.

பெட்டியில் "எச்.265" வசதி உண்டா என்று கேளுங்கள். பழைய எச்.264 முறையைவிட ஏறக்குறையப் பாதி இடமே பிடிக்கும். ஹார்டு டிஸ்க் கண்காணிப்புக் கேமராவுக்கென்றே செய்ததாக இருக்கட்டும். சாதாரண கம்ப்யூட்டர் டிஸ்க் இரவு பகலாக ஓடினால் சீக்கிரம் கெடும்.

பெட்டியை டெலிவிஷன் பக்கத்தில் வைக்கிறோம். அது பெரிய தவறு! விவரம் தெரிந்த திருடன் நகையோடு பெட்டியையும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். சாட்சியையே கடத்துகிறான்! பூட்டிய பீரோ, பரண், காற்றோட்டம் உள்ள மறைவிடம் ஏதாவது ஒன்றில் வையுங்கள்.

கரண்டு போனால்? நான்கு கேமராவும் பெட்டியும் சேர்ந்து ஒரு பழைய சீலிங் பேன் அளவுகூட மின்சாரம் இழுக்காது. வீட்டு இன்வர்ட்டரிலேயே ஓடும். இன்டர்நெட் பெட்டியையும் அதிலேயே இணையுங்கள். இன்டர்நெட் வராத தோட்டத்துக்கு, சிம் கார்டும் சூரிய ஒளித் தகடும் உள்ள கேமராக்கள் வந்திருக்கின்றன.

பூட்டாத கதவு

கேமரா வைத்தவர் மறக்கும் கதவு ஒன்று உண்டு. அதுதான் பாஸ்வேர்டு! கம்பெனியில் போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டை மாற்றாவிட்டால், எங்கோ உட்கார்ந்திருப்பவன் உங்கள் வீட்டுக்குள் பார்ப்பான்.

குஜராத் மாநிலம் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனை. அங்கே கேமராவில் பதிவான பெண்களின் காட்சிகள் வெளியே போய் விற்கப்பட்டது 2025 பிப்ரவரியில் அம்பலமாயிற்று. நாடே பதறியது.

ஆகவே மாட்டிய அன்றே, மாட்டியவர் முன்னிலையில் நீங்களே பாஸ்வேர்டை மாற்றுங்கள். பிறந்த தேதி வேண்டாம். இன்டர்நெட் கேமராக்கள் பாதுகாப்புச் சோதனையில் தேற வேண்டும் என்ற மத்திய அரசின் விதி 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. வாங்கும்போது அந்தச் சான்று உண்டா என்று கேளுங்கள்.

படுக்கை அறையில் கேமரா வேண்டவே வேண்டாம். பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்த்தும் திருப்ப வேண்டாம். கூட்டுக் குடும்பமா? சம்மதம் கேளுங்கள். கல்கத்தாவில் ஒரே வீட்டில் வசித்த சகோதரர்களுக்குள் இதே தகராறு வந்தது. உடன் வசிப்பவர் சம்மதம் இல்லாமல் குடியிருக்கும் பகுதிக்குள் கேமரா வைக்கக் கூடாது என்று ஐகோர்ட்டு சொன்னது. 2025 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டும் அதில் தலையிட மறுத்துவிட்டது.

திருட்டு நடந்துவிட்டால்...

பதற வேண்டாம். பெட்டியின் பொத்தான்களைத் தட்டிப் பார்க்காதீர்கள். திரையைப் போனில் படம் எடுத்து ஊரெல்லாம் அனுப்பாதீர்கள். உடனே போலீசாருக்குச் சொல்லுங்கள். பழைய பதிவு அழிவதற்குள் அவர்கள் நகல் எடுக்க வேண்டும்.

2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவின்படி, கோர்ட்டில் தாக்கல் செய்யும் நகலுக்குச் சான்றிதழ் வேண்டும். கடிகாரம் சரியாக இருப்பது அதனால்தான் முக்கியம். 2025-ல் நடந்த திருட்டுக்கு 2000-ம் ஆண்டு என்று சாட்சி சொன்னால், எதிர்க்கட்சி வக்கீல் விடுவாரா?

துடைத்ததும் தெரிந்தது!

மீண்டும் பல்லடத்துக்கு வருவோம். எங்கள் போட்டோகிராபர் ஸ்டூல் போட்டு ஏறினார். ஒட்டடைக் குச்சியால் கேட் கேமராவைத் துடைத்தார். வானம் பார்த்த கேமராவைக் கீழே திருப்பினார். நான் தேதியைச் சரி செய்தேன். பெங்களூரில் இருந்த மகன் போனிலேயே பாஸ்வேர்டை மாற்றினார். எல்லாம் சேர்த்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

திரையில் வெள்ளை விலகியது. கேட் தெரிந்தது. கேட்டுக்கு அப்பால் இட்டேரி தெரிந்தது. அதில் டார்ச் லைட்டோடு யாரோ ஓர் ஆள் வந்துகொண்டிருந்தான்!

எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். ஆள் கேட்டை நெருங்கினான். முகம் பளிச்சென்று தெரிந்தது.

"அட, நம்ம பக்கத்துத் தோட்டத்துத் தம்பி!" என்றார் அந்த அம்மா.

வந்தவர் திண்ணையில் உட்கார்ந்தார். எங்களை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார்.

"புதுசா ஒரு காரு இட்டேரில போச்சுங்க. அதான், யாருன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தனுங்க" என்றார்.

கேமரா சாட்சிதான். காவல்காரர் இதோ நடந்து வந்திருக்கிறார்! இரண்டும் இருக்கும் வீட்டில் பயமில்லாமல் தூங்கலாம்.

உங்கள் வீட்டில் கேமரா இருக்கிறதா? இன்று இரவு எட்டு மணிக்குத் திரையைப் போட்டுப் பாருங்கள். முகம் தெரிகிறதா? தேதி சரியா? பத்து நாளைக்கு முந்தைய பதிவு கிடைக்கிறதா? பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டுக்கும் ஒரு நடை போய்விட்டு வாருங்கள்.