மறுபெயர் லென்ஸ்: பெரிய காமிராவுக்குச் சிக்கனமான கண்

கறுப்புத் துணியைத் தலைமேல் போர்த்துக்கொண்டு, குனிந்து நின்று படம் எடுக்கும் ஸ்டாண்டு காமிராவை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். திருநெல்வேலியிலும் மதுரையிலும் எடுத்த கல்யாண குரூப் படங்கள் வடாலாவிலும் மாட்டுங்காவிலும் பல வீட்டுச் சுவர்களில் இன்னும் தொங்குகின்றன. அவற்றில் கடைசி வரிசையில் நிற்கும் சிறுவனின் சட்டைப் பொத்தான்களைக்கூட எண்ணிவிடலாம். நெகடிவின் பரப்புப் பெரிதாக இருந்ததே அதற்குக் காரணம்.

இந்தக் காமிராவின்மேல் அண்மைக் காலத்தில் இளைஞர் சிலருக்கு மறுபடியும் நாட்டம் பிறந்திருக்கிறது. வெறும் பழமைப் பற்று என்று இதை ஒதுக்கிவிடுவதற்கில்லை. வடாலாவிலும் தாராவியிலும் செம்பூரிலும் நம்மவர் இரண்டு மூன்று தலைமுறையாக வாழ்ந்த வீடுகள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு, அவை நின்ற இடத்தில் கோபுரம் போன்ற அடுக்கு வீடுகள் எழும்புகின்றன. உயரமான கட்டடத்தைச் சாதாரணக் காமிராவால் அண்ணாந்து எடுத்தால், அதன் சுவர்கள் மேலே போகப் போக ஒன்றையொன்று நோக்கிச் சாயும். பெரிய காமிராவிலோ, காமிராவை நேராக நிறுத்திவிட்டு லென்ஸ் பலகையை மட்டும் மேலே உயர்த்தலாம். சுவர்கள் நிமிர்ந்தே நிற்கும். இடிபடும் முன் ஒரு சால் கட்டடத்தை அதன் கம்பி அழி, உலர்த்திய துணி, படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் பாட்டி உட்படப் பதிவு செய்துவைக்க இதற்கு ஈடான கருவி வேறில்லை என்பது என் கருத்து.

காமிராவின் உடல் அவ்வளவு பெரிய தடையன்று. கேரளத்தின் ஆலப்புழையில் 1940-களில் கே. கருணாகரன் என்பவர் தொடங்கிய வாகீசுவரி காமிரா வொர்க்ஸ், தேக்கு மரத்தில் பித்தளைப் பூண் இட்டுச் செய்த காமிராக்கள் இந்தியாவெங்கும் ஸ்டூடியோக்களில் உழைத்தன. பட்டறை மூடிப் பல காலம் ஆயிற்று. காமிராக்கள் மட்டும் பரணிலும் பழைய சாமான் கடையிலும் இன்னும் இருக்கின்றன. துருத்தி கிழிந்திருந்தால் ஒட்டலாம். மரம் உளுத்திருந்தால் ஆசாரி மாற்றித் தருவார். லென்ஸ் அப்படியன்று. வாகீசுவரி காமிராவுக்கே லென்ஸ் அயல்நாட்டிலிருந்துதான் வந்தது. எனவே, மரக் காமிரா ஒன்று தாத்தா வழியாக வந்து சேர்ந்திருக்கிறது, முன்பக்கத்து லென்ஸ் மட்டும் இல்லை என்னும் நிலையில் பலர் திகைத்து நிற்கிறார்கள். ஜெர்மன் லென்ஸின் விலையைக் கேட்டதும் காமிராவை மறுபடி பரணில் ஏற்றிவிடுகிறார்கள்.

அப்படி ஏற்றிவிடுமுன் ஒரு வியாபார உண்மையை அறிந்துகொள்வது நல்லது. ஒரே தறியில் நெய்த வேட்டிக்குக் கடைக்கொரு முத்திரை விழுவதுபோல, ஒரே ஆலையில் பிறந்த லென்ஸுக்கும் விற்கும் நிறுவனத்தைப் பொறுத்துப் பெயர் மாறுவது உண்டு. கண்ணாடி அதே கண்ணாடி. முன்வளையத்தில் பொறித்த எழுத்து மட்டும் வேறு. பெயர் தெரியாத லென்ஸ் என்று வாங்குவோர் தயங்குவதால் இரண்டாங்கைச் சந்தையில் இவற்றின் விலை கணிசமாகக் குறைந்திருக்கும். நம் சிக்கனத்துக்கு வழி அந்தத் தயக்கத்தில்தான் இருக்கிறது.

இவ்வகையில் முதலில் சொல்லவேண்டியது கால்டார். அமெரிக்காவில் சிகாகோ நகரில் இருந்த காலுமெட் நிறுவனம் தன் வாடிக்கைக்காரர்களுக்கு விற்ற லென்ஸ்களின் பெயர் இது. காலுமெட் தானாக லென்ஸ் செய்யவில்லை. பிறரிடம் செய்வித்து வாங்கியது. அந்த அமெரிக்க நிறுவனம் 2014-இல் திவாலாகி மூடிவிட்டது. ஆயினும் கண்ணாடிக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. கவனிக்கவேண்டியது யாதெனில், கால்டார் என்ற ஒரே பெயருக்குள் பல ஆலைகளின் சரக்கு அடங்கியிருக்கிறது. தொடக்க காலத்துக் கால்டார்களை ராச்செஸ்டர் நகரத்து ஐலெக்ஸ் ஆலை செய்தது. கால்டார் எஸ்-2 என்று இருந்தால் அது ஜெர்மனியின் ஷ்னைடர் ஆலையில் செய்த சிம்மார்-எஸ். கால்டார் 2-என் என்று இருந்தால் (அந்த 2 வளையத்தில் ரோமன் எழுத்தில் இருக்கும்) அது ஜெர்மனியின் ரோடன்ஸ்டாக் ஆலையில் செய்த சிரோனார்-என். அகலக் கோண லென்ஸாயின் கிராண்டகான்-என். கால்டார் 2-ஈ என்பதும் ரோடன்ஸ்டாக் சரக்குத்தான். ஆனால் அது மூன்றே கண்ணாடிகள் கொண்ட ஜெரோனார். முன்னதற்கு ஆறு கண்ணாடிகள். எழுத்து அழிந்திருந்தாலும் துவார எண் காட்டிக்கொடுத்துவிடும்: 150 மி.மீ. லென்ஸில் எப். 5.6 என்றிருந்தால் ஆறு கண்ணாடி, எப். 6.3 என்றிருந்தால் மூன்று. 210-இல் மூன்று கண்ணாடி லென்ஸின் எண் எப். 6.8.

ஆகவே, "கால்டார் நல்லதா?" என்று கேட்பது அரைக் கேள்விதான். எந்தக் கால்டார் என்பதே முழுக் கேள்வி.

சுவிட்சர்லாந்தின் சைனார் காமிரா நிறுவனமும் இவ்வாறே சைனரான் என்ற பெயரில் ரோடன்ஸ்டாக் லென்ஸ்களை விற்றது. சைனரான்-எஸ் என்பது சிரோனார்-என். சைனரான்-டபிள்யூ என்பது கிராண்டகான்-என். இனி, பெயர் மாறினால் விலை குறைந்தே தீரும் என்று எண்ணிவிடக் கூடாது. லின்ஹாப் நிறுவனம் ஷ்னைடர் முதலிய ஆலைகளின் லென்ஸ்களைச் சோதித்துத் தேர்ந்தெடுத்துத் தன் பெயரையும் அவற்றின்மீது பொறித்தது. அந்த எழுத்துக்காகவே விலை ஏறும். அதற்குக் கூடுதல் பணம் கொடுப்பது நம்மைப் போன்ற சம்பளக்காரர்க்குத் தேவையற்றது.

இவற்றைவிட மலிவாக அகப்படுவது ஆப்டார். அமெரிக்கப் பத்திரிகைப் படக்காரர்கள் ஒரு காலத்தில் தோளில் சுமந்த ஸ்பீட் கிராபிக் காமிராவோடு வந்தது இது. கிராப்ளெக்ஸ் நிறுவனத்தின் பெயர் இருந்தாலும், பெரும்பாலும் ஓலென்சாக் ஆலையின் வேலை; அதே ஆலை தன் சொந்தப் பெயரில் ராப்டார் என்று விற்றது. 135 மி.மீ. எப். 4.7 ஆப்டாரில் நான்கு கண்ணாடிகள். எட்டு நின்று முகத்தை எடுத்தால் மென்மையாக, அழகாக விழும். கட்டடம் எடுப்பதற்கு மட்டும் அது உதவாது. ஏன் என்பதைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும்; பணத்தை வீணாக்கியவர்களில் பலர் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள்.

லென்ஸ் பிலிமின்மீது விழச்செய்யும் உருவம் சதுரமன்று, வட்டம். அதைப் படவட்டம் என்று வைத்துக்கொள்வோம். பிலிமின் நான்கு மூலைகளும் அவ்வட்டத்துக்குள் அடங்கவேண்டும். அடங்காவிட்டால் மூலை இருண்டுபோகும். நாலுக்கு ஐந்து அங்குலப் பிலிமின் மூலைவிட்டம் ஏறக்குறைய 153 மி.மீ. ஆப்டாரின் வட்டம் அதைச் சற்றே தாண்டுவதோடு நின்றுவிடுகிறது. லென்ஸ் பலகையை உயர்த்தினாலோ, வட்டமும் கூடவே உயர்ந்து பிலிமின் ஒரு பக்கத்து மூலைகளை வெளியே விட்டுவிடும். 150 மி.மீ. சிரோனார்-என், அதாவது கால்டார் 2-என், எப். 22 என்ற சிறு துவாரத்தில் 214 மி.மீ. வட்டம் தருகிறது. பிலிமை நிமிர்த்தி வைத்து எடுக்கும்போது பலகையை 35 மி.மீ. வரை உயர்த்த அது இடங்கொடுக்கும். சிம்மார்-எஸ் தருவது 210 மி.மீ.; நடைமுறையில் வேறுபாடு இல்லையென்றே சொல்லலாம். மூன்று கண்ணாடி ஜெரோனார் எப். 22-இல் கூர்மையில் பின்தங்காது; அதன் வட்டந்தான் குறுகியது.

வாகீசுவரி முதலிய நம் நாட்டு மரக் காமிராக்கள் பலவும் ஹாப் பிளேட், புல் பிளேட் அளவுகளில் அமைந்தவை. ஹாப் பிளேட்டின் மூலைவிட்டம் சுமார் 204 மி.மீ.; புல் பிளேட்டுக்குச் சுமார் 272. முன்சொன்ன 150 லென்ஸ் ஹாப் பிளேட்டை மட்டுமட்டாய் மூடும். புல் பிளேட்டுக்கு எட்டாது. 210 மி.மீ. சிரோனார்-என் எப். 22-இல் 301 மி.மீ. வட்டம் தருவதால் மூன்று அளவுக்கும் போதும். ஒரே ஒரு லென்ஸ்தான் வாங்க முடியும் என்பவர் கால்டார் 2-என் 210 எப். 5.6-ஐத் தேடுக. நாலுக்கு ஐந்தில் அது முகம் எடுக்கத் தக்கதாகவும், ஹாப் பிளேட்டில் இயல்பான பார்வை தருவதாகவும் அமையும். 1-ஆம் எண் கோபால் ஷட்டரில் வருவதால் பலகையில் ஏறக்குறைய 42 மி.மீ. துளை வேண்டும், 150 லென்ஸின் சிறிய ஷட்டருக்கு 35 மி.மீ. போதும். தேக்குப் பலகையில் இந்தத் துளையை எந்த ஆசாரியும் இட்டுத் தருவார்.

வடாலா ரோடில் ஹார்பர் ரயில் ஏறிக் கடைசி நிலையத்தில் இறங்கினால் போரா பஜார்ப் பக்கத்துக் காமிராக் கடைகள் அருகில்தான். சோர் பஜாரிலும் தேடலாம். கையில் ஒரு சிறு டார்ச்சு இருக்கட்டும். ஷட்டரைத் திறந்துவைத்துப் பின்பக்கமிருந்து ஒளியைப் பாய்ச்சிப் பாருங்கள். சிலந்தி நூல் போலக் கிளைவிட்டு ஓடுவது பூஞ்சை. வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிடுங்கள். துடைத்தால் போகும் என்பார் கடைக்காரர். பூஞ்சை போகலாம், அது அரித்த தடம் போகாது. விளிம்பில் வானவில் நிறம் தெரிந்தால் ஒட்டிய கண்ணாடிகள் பிரியத் தொடங்கிவிட்டன என்று பொருள். ஷ்னைடர் லென்ஸ்களில் உள்விளிம்புக் கறுப்புச் சாயத்தில் வெள்ளைப் புள்ளிகள் காணப்படுவதுண்டு. அவை படத்தைக் கெடுப்பதில்லை. ஆனால் விலையைக் குறைத்துக் கேட்க நல்ல சாக்கு.

ஷட்டரை ஒரு வினாடியில் வைத்துத் தட்டுங்கள். இடையில் நின்று முனகினால் உள்ளே எண்ணெய் இறுகியிருக்கிறது. சுத்தம் செய்யும் கூலியையும் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். கைபேசியில் ஒலியைப் பதிவுசெய்து திறக்கும் ஓசைக்கும் மூடும் ஓசைக்கும் உள்ள இடைவெளியை அளப்பவர்களும் உண்டு. மெதுவான வேகங்களுக்கு அது போதும். முன்கண்ணாடி ஒரு லென்ஸிலிருந்தும் பின்கண்ணாடி வேறொரு லென்ஸிலிருந்தும் சேர்த்துத் திருகிய கலப்புச் சரக்கும் சந்தையில் உண்டு, வெளிப்பார்வைக்குத் தெரியாது. ஆகையால், காமிராவோடு சென்று தேய்த்த கண்ணாடியில் மூலைகள் வரை பார்த்துவிடுங்கள், அல்லது திருப்பித்தரும் உறுதியைப் பெற்று வாங்குங்கள். அயல்நாட்டிலிருந்து தருவிப்பவர் சுங்க வரியை முன்கூட்டியே கேட்டறிவது அவசியம். மறுபெயரால் மிஞ்சிய பணத்தைச் சுங்கம் கொண்டுபோய்விடும்.

அவ்வளவும் இயலாதவர்க்கு இன்னொரு வழி உண்டு. அச்சகங்களில் பிளாக் செய்யப் பயன்பட்ட பிராசஸ் காமிராக்கள் கம்ப்யூட்டர் வந்தபின் பழைய இரும்புக்குப் போயின. அவற்றிலிருந்த அப்போ-ரோனார், அப்போ-நிக்கார் போன்ற லென்ஸ்கள் ஷட்டர் இல்லாதவை, அதனாலேயே மலிவு. ஷட்டர் இல்லாமல் எப்படி எடுப்பது? நம் பழைய படக்காரர்கள் செய்ததுபோல மூடியைக் கழற்றி மாட்டித்தான். பிலிமுக்குப் பதிலாகப் படம் பிரதியெடுக்கும் காகிதத்தையே நெகடிவாக வைத்தால், வெயில்படாத திறந்த நிழலில் எப். 32-க்கு ஐந்தாறு வினாடி பிடிக்கும். கையால் மூடி எடுக்க அது தாராளம். எக்ஸ்ரே பிலிமை வெட்டிப் பயன்படுத்துவோர் பலர். ஷீட் பிலிமைவிட மிகவும் மலிவு, சிவப்பு விளக்கில் கழுவலாம். இரு பக்கமும் மருந்து பூசியிருப்பதால் கீறல் எளிதில் விழும். அது விரைவாகவும் ஒளியை ஏற்பதால் இந்த மூடி முறைக்கு ஒத்துவராது, ஷட்டர் வேண்டும்.

வாங்கிய லென்ஸை வைத்திருக்கும் இடம் பற்றியும் ஒரு சொல். வடாலா உப்பளமும் கடற்கழியும் சூழ்ந்த பகுதி. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை சுவர்கூட வியர்க்கும். லென்ஸைத் தோல் உறையிலோ துணிப்பையிலோ போட்டு அலமாரியில் பூட்டிவைப்பது பூஞ்சையை வளர்ப்பதற்குச் சமம். ரப்பர் விளிம்புள்ள, காற்றுப் புகாத சாப்பாட்டு டப்பா ஒன்றில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். நீலமணிகள் இளஞ்சிவப்பாக மாறினால், லென்ஸை வெளியே எடுத்துவிட்டு மணிகளை மட்டும் வெறும் வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்து, நீலம் திரும்பியதும் ஆறவைத்து மறுபடி போடலாம். அந்த வாணலியைச் சமையலுக்குத் திருப்பவேண்டாம். மழைக் காலத்தில் வாரம் ஒருமுறை வெளியே எடுத்து, ஷட்டரை எல்லா வேகத்திலும் பத்துத் தடவை ஓட்டிவிட்டு உள்ளே வையுங்கள்.