பொன் விளைந்த ஊர் பார்க்கர்வில்

பொன் என்றதும் நகைக்கடையும் திருமண வீடும்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால் பொன்னுக்காகவே பிறந்து, பொன் குறைந்ததும் பொலிவிழந்து, இன்று அந்தப் பழங்கோலத்தைக் காட்டியே புகழ்பெற்று விளங்கும் ஊர் ஒன்று கனடா நாட்டில் உண்டு. அதுவே பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் கரிபூ மலைப்பகுதியில் உள்ள பார்க்கர்வில்.

1862ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பில்லி பார்க்கர் என்ற ஆங்கிலேயர் வில்லியம்ஸ் ஓடைக்கரையில் ஆழமாகக் குழி தோண்டினார். சுமார் ஐம்பது அடி ஆழத்தில் பொன் கிடைத்தது. செய்தி பரவியதும் பல நாட்டவர் அங்கே திரண்டனர். அவர் பெயரே ஊருக்கும் வழங்கலாயிற்று.

ஓடையில் பொன் எப்படி வந்தது? மலைப்பாறைகள் சிதையும்போது அவற்றில் உள்ள பொன் துகள்கள் நீரோடு அடித்து வரப்படுகின்றன. பொன் தண்ணீரைவிட ஏறத்தாழ 19 மடங்கு கனமானது. ஆகவே மணல் ஓடிவிட, பொன் அடியில் தங்கிவிடும். நம் அன்னையர் அரிசியை அரிக்கும்போது கல் அடியில் தங்குகிறதல்லவா? அதைப் போலவே தொழிலாளர்கள் தட்டில் மண்ணையும் நீரையும் இட்டுச் சுழற்றிப் பொன்னைப் பிரித்தனர். ஆழ்குழிகளில் ஊறிய நீரை இறைக்கப் பெரிய நீர்ச்சக்கரங்களை அமைத்தனர்.

உணவுப் பொருள்களை மலை வழியே கொண்டு வருவது பெரும்பாடாக இருந்தது. ஏறத்தாழ 400 மைல் நீளமுள்ள கரிபூ வண்டிப்பாதை 1865இல் முடிவுற்ற பின்னரே இத்துன்பம் குறைந்தது. 1868 செப்டம்பர் 16 அன்று தீ விபத்தில் மரவீடுகள் பெரும்பாலும் சாம்பலாயின. மக்கள் மனந்தளராமல் ஊரை மீண்டும் எழுப்பினர். அவர்களுள் சீனத் தொழிலாளர்களும் வணிகர்களும் ஏராளம்.

இவ்வளவு பொன்னும் யாருக்கு நிலைத்தது? ஊருக்குப் பெயர் தந்த பார்க்கரே 1894இல் விக்டோரியா நகரில் வறுமையில் மாண்டார். பொன் வேட்டை தொடர்ந்த 1862ஆம் ஆண்டிலேயே அம்மாகாணத்தில் பரவிய பெரியம்மை, பூர்வகுடி மக்களுள் பல்லாயிரவரைப் பலிகொண்டது. தங்கள் மண்ணில் கிடைத்த பொன்னால் அவர்கள் வாழ்வு உயரவில்லை.

1924இல் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவிக்கப்பட்ட இவ்வூரை 1958 முதல் மாகாண அரசு சீர்ப்படுத்திப் பாதுகாக்கலாயிற்று. பழைய கடைகள், பள்ளி, மர ஆலயம், சீனர் தெரு என நூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்களை இன்று காணலாம். கோடைக்காலத்தில் நடிகர்கள் அக்கால உடையணிந்து பழைய வாழ்க்கையை நடித்துக் காட்டுகின்றனர்.

பழைய ஊரைக் காப்பது வேடிக்கைக்காக மட்டுமன்று. பொன் அள்ளியவரின் துணிவோடு, உழைத்து மறைந்தவரின் வியர்வையையும், இழந்தவரின் கண்ணீரையும் சேர்த்துச் சொன்னால்தான் அது வரலாறு ஆகும். பொன் கைமாறிப் போய்விடும். உண்மையை மறவாமல் காத்தால் அது தலைமுறைதோறும் நமக்குப் பாடம் புகட்டும்.