மஞ்சள் மாத்திரைக்கு ஒரு பரீட்சை

மலேரியாவுக்கென்று செய்த மருந்து மறதி நோயைத் தீர்க்குமா? விஞ்ஞானிகள் உண்மையாகவே இப்படிக் கேட்டார்கள். அந்தக் கதையைப் பார்ப்போமா?

1942-இல் ஜப்பானியப் படை ஜாவா தீவைக் கைப்பற்றியது. குயினைன் தரும் சிங்கோனா மரப்பட்டையில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. பட்டை வரத்து நின்றதும், நேசநாட்டுப் போர்வீரர்கள் குயினாக்ரின் என்ற செயற்கை மருந்தை விழுங்கினார்கள். மலேரியா அடங்கியது, ஆனால் பலருக்குத் தோல் மஞ்சளாயிற்று!

இனி நோய்க்கு வருவோம். கிராய்ட்ஸ்ஃபெல்ட்-யாகோப் நோய் ஆண்டுதோறும் பத்து லட்சம் பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு வருகிறது. ஞாபகம் குழம்பும், நடை தள்ளாடும். பெரும்பாலோர் ஓராண்டுக்குள் இறந்துவிடுகிறார்கள்.

இதற்குக் காரணம் என்ன? பாலில் சிறிது உறைமோர் விட்டால் பானைப் பால் முழுவதும் தயிராகிறது அல்லவா? நம் மூளையில் இயல்பாகவே உள்ள ஒரு புரதம் தவறாக மடிந்துவிட்டால், அது பக்கத்திலுள்ள நல்ல புரதங்களையும் தன்னைப்போல் மாற்றிவிடுகிறது. தயிரை உறைய வைப்பவை உயிருள்ள பாக்டீரியாக்கள். இங்கே வேலை செய்வதோ உயிரற்ற வெறும் புரதம்! 1982-இல் இதற்குப் ‘பிரியான்’ என்று பெயரிட்ட அமெரிக்கர் ஸ்டான்லி புருசினர் 1997-இல் நோபல் பரிசு பெற்றார்.

புதிய மருந்து உருவாகப் பல ஆண்டுகள் பிடிக்கும். பழைய மருந்தென்றால் அளவும் பக்க விளைவுகளும் முன்பே தெரியும். ஆகவே புருசினர் குழுவினர் பழைய மருந்துகளைச் சோதித்தார்கள். 2001-இல், சோதனைச்சாலையில் வளர்த்த செல்களில் குயினாக்ரின் பிரியான் உருவாவதைத் தடுத்தது. நோயாளிகளின் குடும்பங்களில் நம்பிக்கை துளிர்த்தது.

பிரிட்டனில் 107 நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. மருந்து வேண்டுமா, வேண்டாமா என்பதைப் பெரும்பாலும் அவர்களே முடிவு செய்தார்கள். மருந்து சாப்பிட்டவர்களிடையே மரணம் குறைவாக இருந்தது. வெற்றி என்று தோன்றுகிறதா? சற்றுப் பொறுங்கள்! மருந்தைக் கேட்டு வாங்கியவர்களுக்கு நோய் அவ்வளவாக முற்றியிருக்கவில்லை. அதையும் கணக்கில் சேர்த்ததும் வித்தியாசம் மறைந்துவிட்டது. இந்த முடிவு 2009-இல் வெளியாயிற்று.

அமெரிக்காவில் இன்னும் கடுமையான பரீட்சை. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்கு மருந்தும் மறு பாதிக்குப் போலி மாத்திரையும் கொடுத்தார்கள். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால், உயிர் பிழைத்திருந்தவர்களின் விகிதத்தில் வித்தியாசமில்லை. இது 2013-இல் வெளியானது.

ஏன் தோற்றது? எலிகளில் ஆராய்ந்தபோது விடை கிடைத்தது. மூளையின் இரத்தக் குழாய்ச் சுவரில் ஒரு ‘பம்பு’ உண்டு. அது மருந்தை வெளியே தள்ளிவிடுகிறது. பம்பு இல்லாத எலிகளில் மருந்து மூளையில் சேர்ந்தது, பிரியானும் குறைந்தது. ஆனால் சில காலமே! மருந்துக்கு அசையாத பிரியான்கள் பெருகிவிட்டன.

“இந்த மருந்தைச் சாப்பிட்டார், குணமாயிற்று” என்று யாராவது சொன்னால், நீங்கள் ஒரு கேள்வி கேளுங்கள்: “அதே நிலையில் இருந்து, சாப்பிடாதவர்கள் என்ன ஆனார்கள்?”