இறந்தவர் தந்த வால்வு எத்தனை ஆண்டு உழைக்கும்?

இதய வால்வில் கிருமி தொற்றிய தம்பிக்கு, இறந்தவரிடமிருந்து எடுத்த வால்வைப் பொருத்தியிருக்கிறார்கள். அது எவ்வளவு காலம் தாங்கும் என்று கேட்டு ராசிபுரத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்.

லண்டனில் டொனால்ட் ராஸும் ஆக்லாந்தில் பிரையன் பாரட்-பாய்ஸும் 1962-இல் சில வார இடைவெளியில் தனித்தனியே தொடங்கிவைத்த சிகிச்சை இது. டெல்லி எய்ம்ஸிலும் சென்னையிலும் இதற்கான வால்வு வங்கிகள் உருவாயின.

தொற்று முற்றினால் வால்வு மட்டும் கெடுவதில்லை. மகாதமனியின் அடிப்பகுதியில் சீழ் கட்டி, புது வால்வைத் தைக்க வேண்டிய தசையே அரித்துப்போகிறது. உலோக வால்வின் துணி வளையத்தைத் தைக்க அங்கே உறுதியான இடம் இருக்காது. தானமாக வரும் வால்வோ தமனியின் அடிப்பகுதியோடு சேர்ந்தே வருகிறது. பக்கத்து மைட்ரல் வால்வின் ஓர் இதழும் அதில் ஒட்டியிருக்கும். சீழை வழித்தெடுத்த குழியை அந்த இதழைக் கொண்டே மருத்துவர் மூடித் தைக்கிறார். வியக்க வைக்கும் வசதி இது!

நாமக்கல் பக்கம் மாட்டுக்குச் சினை ஊசி போட வருபவர் வண்டியில் கட்டிவரும் நைட்ரஜன் கேனைப் பலரும் பார்த்திருப்பார்கள். வங்கியிலும் அதே திரவ நைட்ரஜன்தான் வால்வைக் காக்கிறது. திரவத்தின் குளிர் மைனஸ் 196 டிகிரி.

பிரிஸ்பேனில் மார்க் ஓ'பிரையன் குழு, தொற்று இல்லாதவர்களையும் சேர்த்து, இத்தகைய 1,022 அறுவைகளை 29 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. உறைநிலையில் காத்த வால்வு தேய்ந்து மறு அறுவை தேவைப்படாமல் 15 ஆண்டுகளைக் கடந்தவர்கள், 21 முதல் 40 வயதுக்குள் பொருத்திக்கொண்டவர்களில் 85 சதவீதம். 20 வயது வரையிலானவர்களில் 47 சதவீதமே. இளம் உடலில் சுண்ணாம்பு சீக்கிரம் படிகிறது. மறு அறுவையும் கடினம். ஆனால் உலோக வால்வுக்கு ஆயுள் முழுக்கத் தேவைப்படும் ரத்தம் உறையாமைக்கான மாத்திரை, இதற்காக வேண்டியதில்லை.

எந்த வால்வானாலும், கிருமி பிடித்த திசுவை மிச்சமின்றி அகற்றுவதே முதன்மை என்பது இன்றைய மருத்துவர்களின் கருத்து. அதற்கும் முன்னால் நோயைக் கண்டுபிடிக்க வேண்டுமே. வாரக்கணக்கில் விட்டுவிட்டு வரும் காய்ச்சலுக்கு, ரத்தத்தைக் கல்ச்சருக்கு அனுப்பாமலே ஆன்டிபயாடிக் ஊசி போட்டுக்கொள்வது ஆபத்து, கிருமி ஒளிந்துகொள்ளும். வால்வுக் கோளாறு உள்ளவர்கள், கிருமி ரத்தத்தில் நுழைய வழிவிடும் சொத்தைப் பல்லை அலட்சியம் செய்யவே கூடாது.

தானத்திலும் நாம் காட்டும் அக்கறை போதாது. முழு இதயத்தைத் தரப் பெரும்பாலும் மூளைச்சாவு நிலை வேண்டும். வால்வை, இதயம் நின்று 24 மணி நேரம் வரைகூட எடுக்கலாம். 2011-இல் திருத்தப்பட்ட உறுப்பு தானச் சட்டம் திசுக்களையும் சேர்த்துக்கொண்டது. ஆயினும் கண்ணைக் கேட்பதுபோல் வால்வைக் கேட்டு உறவினர்களிடம் பேசுபவர்கள் அரிதாகவே இருக்கிறார்கள்.