45,000 ரூபாய் டிஷ்வாஷர், ஒன்றரை லட்சம் ரூபாய் செலவு: வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

பண்டிகை சேல் வந்தாலே நம்ம சேனலுக்கு ஒரே மாதிரி கேள்விகள் வரும். "சார், ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம். டிஷ்வாஷர் நோ காஸ்ட் இஎம்ஐல வருது. வாங்கலாமா?"

வாங்கலாம், வேண்டாம்னு ஒரு வார்த்தையில பதில் சொல்ல முடியாது. ஏன்னா விலைச்சீட்டில் இருப்பது மெஷினோட விலை மட்டும்தான். அதைப் பொருத்தும் செலவு, ஓட்டும் செலவு, ரிப்பேர் செலவு, வீடு மாறும்போது கழற்றி மாட்டும் செலவு எதுவும் அதில் இருக்காது. ஒரு கம்பெனி மெஷின் வாங்கினால் சிஏ என்ன கணக்குப் போடுவாரோ, அதையே உங்க சமையலறைக்கும் போட்டுப் பார்ப்போம்.

முதல்ல முழுக் கணக்கு

கீழே இருப்பவை என்னுடைய அனுமானங்கள். உங்க ஊர் விலையைப் போட்டு நீங்களே மாற்றிக்கொள்ளலாம். மெஷின் 8 வருஷம் உழைக்கும், தினமும் ஒரு தடவை ஓடும் என்று வைத்துக்கொள்வோம்.

- மெஷின் விலை 45,000. எட்டால் வகுத்தால் வருஷத்துக்கு 5,625 ரூபாய்.
- 16 ஆம்பியர் பாயின்ட், தண்ணீர் குழாய், வேஸ்ட் பைப் இணைப்பு, ஸ்டாண்ட் எல்லாம் சேர்த்து 4,000. வருஷத்துக்கு 500.
- 8 வருஷத்தில் இரண்டு தடவை வீடு மாறினால், தடவைக்கு 2,000. வருஷத்துக்கு 500.
- ரிப்பேருக்கு ஒதுக்குவது வருஷத்துக்கு 3,000.
- டிடர்ஜென்ட், உப்பு, ரின்ஸ் எய்ட், கரண்ட் சேர்த்து ஒரு தடவைக்கு 25 ரூபாய். 365 நாளுக்கு 9,125.

மொத்தம் வருஷத்துக்கு 18,750 ரூபாய். மாசத்துக்குச் சுமார் 1,560. ஒரு தடவை பாத்திரம் கழுவ 51 ரூபாய். எட்டு வருஷத்துக்கு 1,50,000!

இதில் கவனிக்க வேண்டியது, பாதிக்கு மேல் நிலையான செலவு. மெஷினை ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் வருஷத்துக்கு 9,625 ரூபாய் போய்க்கொண்டேதான் இருக்கும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓட்டினால் ஒரு கழுவலின் செலவு சுமார் 78 ரூபாய் ஆகிவிடும். வாரத்துல நாலு நாள் வெளியே சாப்பிடுற பேச்சிலர் ரூமுக்கு இது கட்டுப்படி ஆகாது. மூணு வேளையும் சமைக்கிற வீட்டுக்குத்தான் கணக்கு ஓரளவு நியாயமா வரும்.

"அக்காவை நிறுத்திட்டா மிச்சம்தானே?"

இந்த இடத்தில்தான் பலரும் கணக்கைத் தப்பாகப் போடுகிறார்கள். பாத்திரம் கழுவ மட்டும் ஒரு அக்காவுக்கு மாசம் 1,500 கொடுக்கிறீங்கன்னு வைங்க. மெஷின் செலவு 1,560. மிச்சம் எங்கே?

அதோட, நம்ம வீட்டுப் பாத்திரம் எல்லாமே மெஷினுக்குள் போகாது. இரும்பு தோசைக்கல், இரும்புக் கடாய் துருப்பிடிக்கும். அலுமினிய இட்லித் தட்டு, அலுமினிய குக்கர் கறுத்துப் போகும். பித்தளை பளபளப்பு போய்விடும். மரக்கரண்டி வெடிக்கும். நான்ஸ்டிக்கின் பூச்சு சீக்கிரம் தேயும். இதையெல்லாம் கையால்தான் கழுவணும். எவர்சில்வர், கண்ணாடி, பீங்கான் மட்டும்தான் மெஷினுக்கு ஏற்றது. இன்னைக்கு ராத்திரி உங்க சிங்க்ல கிடக்கிற பாத்திரத்தை எண்ணிப் பாருங்க. பாதிக்கு மேல் உள்ளே போகாதுன்னா, வாங்குற யோசனையைத் தள்ளி வைங்க.

இன்னொரு விஷயமும் சொல்லணும். நமக்கு வேலை போனால் நோட்டீஸ் பீரியட் இருக்கு, செட்டில்மென்ட் இருக்கு. நாலு வீட்ல வேலை பார்க்கிற அக்காவுக்கு ஒரு வீடு போனால் அடுத்த மாசமே வருமானத்துல கால் பங்கு போயிடும். மெஷின் வாங்கியே தீருவதென்றால், பாத்திரத்துக்குப் பதிலா வேற வேலை கொடுக்க முடியுமான்னு பாருங்க. முடியலைன்னா ஒரு மாசம் முன்னாடியே சொல்லி, ஒரு மாசச் சம்பளம் கூடுதலாக் கொடுங்க. அந்த 1,500 ரூபாயையும் மெஷின் விலையில் சேர்த்துக்கணும்.

உதவிக்கு ஆள் இல்லாத வீட்டில் கணக்கு வேற. அங்கே தினமும் 45 நிமிஷம் சிங்க் முன்னாடி நிற்பது மனைவியோ அம்மாவோதான். அந்த நேரத்துக்கு நாம் பில் போடாததால், அது இலவசம்னு நினைச்சுக்கிட்டு இருக்கோம். கழுவலுக்கு 51 ரூபாய் கொடுத்து அதில் அரை மணி நேரம் மிச்சமாகுதுன்னா, அது நல்ல செலவா இல்லையா என்பதை அந்த வேலையைச் செய்கிறவரிடம் கேட்டு முடிவு பண்ணுங்க.

நோ காஸ்ட் இஎம்ஐயின் காஸ்ட்

பூஜ்ஜிய வட்டி என்ற பெயரில் வட்டியை மறைக்கும் திட்டங்களை ரிசர்வ் வங்கி 2013-லேயே தடுத்துவிட்டது. அப்போ இப்ப நடப்பது என்ன? பேங்க் வட்டி போடும். அந்த வட்டி அளவுக்கு விற்பவர் விலையில் தள்ளுபடி தருவார். ஆனால் வட்டி மேல் வரும் 18% ஜிஎஸ்டி உங்க தலையில்தான்.

45,000 ரூபாய்க்கு 12 மாசம், மாசம் 3,750 என்று எடுத்துக்கோங்க. வட்டி 15% என்றால் உள்ளே ஒளிந்திருக்கும் வட்டி சுமார் 3,450. அதற்கு ஜிஎஸ்டி சுமார் 620. ப்ராசசிங் கட்டணம் 199 என்றால் வரியோட 235. முழுப் பணம் கொடுத்தால் கிடைத்திருக்கும் தள்ளுபடி 3,000 என்றால் அதுவும் போச்சு. மொத்தம் 3,855 ரூபாய். 42,000-க்குக் கிடைத்திருக்க வேண்டிய பொருளுக்கு இது 16-17% வட்டிக்குச் சமம். ஆறு மாசம் ஆர்டி போட்டு மொத்தமாக வாங்கினால் இந்தப் பணம் உங்க பாக்கெட்டிலேயே இருக்கும்.

ஒரு நல்ல செய்தி: 2025 செப்டம்பர் 22 முதல் டிஷ்வாஷருக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்தில் இருந்து 18 ஆகக் குறைந்துவிட்டது. பில்லில் 18% தான் போட்டிருக்காங்களான்னு பாருங்க. வருமான வரியில் இதுக்கு ஏதாவது கழிவு உண்டான்னு கேட்கிறவங்களுக்கு: சம்பளக்காரர்களுக்கு எதுவும் கிடையாது.

பொருத்தும் முன் நாலு சோதனை

ஆர்டர் போட்ட பிறகு "இங்கே பொருத்த முடியாது சார்"னு டெக்னீஷியன் திரும்பிப் போனால் நஷ்டம் உங்களுக்குத்தான். முதல்லயே இதைப் பாருங்க.

1. கரண்ட். தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டர் சுமார் 2,000 வாட். 230 வோல்ட்டில் அது கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். மிக்ஸி போடுகிற 6 ஆம்பியர் பாயின்ட் தாங்காது. எர்த்திங் சரியாக உள்ள தனி 16 ஆம்பியர் பாயின்ட் வேணும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. தண்ணியும் கரண்ட்டும் பக்கத்துப் பக்கத்துல இருக்கிற மெஷின் இது. ஆர்சிசிபி இல்லாத பழைய வீடு என்றால் எலக்ட்ரீஷியனிடம் சொல்லிப் போட்டுவிடுங்க. இந்த ஒரு செலவில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

2. தண்ணீர் அழுத்தம். 10 மீட்டர் உயரத் தண்ணீர் 1 பார் அழுத்தம் தரும். மொட்டை மாடி டேங்க்குக்கு நேர் கீழே உள்ள மேல்தளத்தில் குடியிருக்கிறீங்களா? டேங்க்குக்கும் குழாய்க்கும் 3 மீட்டர்தான் வித்தியாசம் என்றால் 0.3 பார்தான் கிடைக்கும். மேனுவலில் குறைந்தபட்ச அழுத்தம் எவ்வளவுன்னு போட்டிருக்கும். அதைவிடக் குறைவா இருந்தால் பிரஷர் பம்ப் செலவும் சேரும்.

3. தண்ணீரின் கடினத்தன்மை. இங்கே டிடிஎஸ் மீட்டரை நம்பாதீங்க (சம்பளத்துல பிடிக்கிற டிடிஎஸ் இல்லை, தண்ணீரில் கரைந்த மொத்த உப்பு!). மெஷினுக்கு எதிரி கால்சியமும் மெக்னீசியமும்தான். அது எவ்வளவு இருக்குன்னு ஹார்ட்னஸ் டெஸ்ட் ஸ்ட்ரிப் சொல்லும். மேனுவலில் ஜெர்மன் டிகிரியில் போட்டிருப்பாங்க. ஒரு டிகிரி என்பது லிட்டருக்குச் சுமார் 17.8 மில்லிகிராம். உங்க போர் தண்ணீர் 600 என்றால் கிட்டத்தட்ட 34 டிகிரி. மெஷின் அதைத் தாங்குமான்னு வாங்குவதற்கு முன்பே பாருங்க.

4. வீட்டு ஓனர். வாடகை வீடு என்றால் சுவரில் துளை, புது பாயின்ட், சிங்க் பைப்பில் இணைப்பு இதுக்கெல்லாம் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் அனுமதி வாங்கி வைங்க. காலி பண்ணும்போது அட்வான்ஸில் பிடித்தால் உங்க கையில் ஆதாரம் இருக்கும்.

பராமரிப்பு: பைசா செலவில்லாத இன்சூரன்ஸ்

வாரம் ஒரு தடவை அடியில் உள்ள ஃபில்டரைக் கழற்றிக் கழுவுங்க. கறிவேப்பிலை, கடுகு, புளிச்சக்கை, தேங்காய்த் துருவல் எல்லாம் அங்கேதான் தங்கும். தட்டை உள்ளே வைக்கும் முன் மிச்சத்தைக் குப்பையில் தட்டினால் போதும், முழுசாக் கழுவ வேண்டாம். மாசம் ஒரு தடவை தண்ணீர் பீய்ச்சும் கைகளின் துளைகளைக் குச்சியால் சுத்தம் பண்ணுங்க. கதவு ரப்பரைத் துடைங்க. மாசத்துக்கு ஒரு தடவை டிஷ்வாஷர் க்ளீனர் போட்டுக் காலியாக ஓட்டுங்க.

உப்பு விஷயத்தில் மிச்சம் பிடிக்காதீங்க. மெஷினுக்குள் தண்ணீரை மென்மையாக்கும் ரெசின் இருக்கு. அதைப் புதுப்பிப்பதுதான் உப்பின் வேலை. உப்பு தீர்ந்தால் சுண்ணாம்பு நேராக ஹீட்டரில் படியும். சமையல் உப்பும் போடக்கூடாது. அதில் கட்டி தட்டாமல் இருக்கச் சேர்க்கும் பொருட்கள் ரெசினைக் கெடுக்கும். அதேபோல கையால் பாத்திரம் தேய்க்கிற லிக்விட் போட்டால் நுரை பொங்கி வெளியே வந்துவிடும்.

ஈகோ ப்ரோக்ராம் மூணு மணி நேரத்துக்கு மேல் ஓடுதேன்னு பயப்படாதீங்க. குறைந்த சூட்டில் நிதானமாகக் கழுவுவதால்தான் கரண்ட் குறைவாகும். ஒரு தடவைக்குச் சுமார் 1 யூனிட். அப்படியும் இரண்டு மாச பில்லில் 60 யூனிட் ஏறும். தமிழ்நாட்டில் ஏற்கெனவே 450, 460 யூனிட் ஓட்டுகிற வீடு 500-ஐத் தாண்டினால் கீழ் ஸ்லாப் சலுகையும் குறையும். பழைய பில்லை எடுத்துப் பார்த்துவிடுங்க.

ரிப்பேரா, புதுசா?

எங்க ஆபீஸ் தம்பி ஒருத்தர் வீட்ல தண்ணி வெளியே போகலைன்னு மெஷின் எரர் காட்டியது. வந்தவர் பம்ப் மாத்தணும்னு 6,500 எஸ்டிமேட் கொடுத்தார். தம்பி ஒரு நாள் டைம் கேட்டார். ப்ளக்கைப் பிடுங்கி, தண்ணீரை ஒற்றியெடுத்து, மேனுவல் படி ஃபில்டரையும் பம்ப் மூடியையும் கழற்றினால், உள்ளே உடைஞ்ச கண்ணாடித் துண்டு ஒன்று சிக்கியிருந்தது. மூடியை மாட்டி ஓட்டினார், ஓடியது. கையுறை போட்டுக்கிட்டுதான் செய்யணும். ஃபில்டர், பம்ப் மூடி, ட்ரெயின் ஹோஸ் மடிப்பு, தண்ணீர் வரும் ஹோஸின் வலை இந்த நாலு வரைக்கும்தான் நாம் கை வைக்கலாம். ஹீட்டர், போர்டு பக்கம் போகவே கூடாது.

பெரிய ரிப்பேர் வந்தால் ஒரு எளிய சூத்திரம்: ரிப்பேர் பில்லை, மெஷின் இன்னும் உழைக்கக்கூடிய வருஷங்களால் வகுங்க. புது மெஷினின் வருஷச் செலவான 5,625-ஐவிடக் குறைவு என்றால் ரிப்பேர் பண்ணுங்க. அஞ்சாவது வருஷம் முடியும்போது போர்டு மாற்ற 11,000 கேட்டால், மிச்சம் மூணு வருஷம், வருஷத்துக்கு 3,667. பண்ணலாம். ஏழாவது வருஷ முடிவில் அதே 11,000 என்றால் வேண்டாம்.

எந்த ரிப்பேருக்கும் ஜிஎஸ்டி பில், மாற்றிய பாகத்துக்கு எழுத்தில் வாரண்டி, கழற்றிய பழைய பாகம் மூன்றையும் கேளுங்க. எக்ஸ்டெண்டட் வாரண்டி விற்றால், தருவது தயாரிப்பாளரா, கடையா, மூணாவது கம்பெனியான்னு பாருங்க. எலி கடித்தது, வோல்டேஜ் ஏற்றஇறக்கம், சுண்ணாம்புப் படிவு இதெல்லாம் விலக்குப் பட்டியலில் இருந்தால், நம்ம ஊரில் அடிக்கடி வரும் பிரச்சினைகளே கவர் ஆகலைன்னு அர்த்தம். அந்தப் பணத்தை மாசம் 250 ரூபாய் என்று தனி ஆர்டியில் போடுங்க. ரிப்பேர் வரலைன்னா பணம் உங்களுடையது.

வாரண்டி இருந்தும் இழுத்தடித்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவு பண்ணுங்க. அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்கு நீங்க கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, நீங்க குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், ஆனால் இரண்டு வருஷத்துக்குள் போடணும். அதனால் பில், சீரியல் நம்பர் போட்டோ, இன்ஸ்டலேஷன் ரிப்போர்ட் மூன்றையும் மெஷின் வந்த அன்னைக்கே ஒரு ஃபோல்டரில் போட்டு வைங்க.

கடைசியா ஒரு பரிந்துரை. வாங்க நினைக்கிறவங்க, இந்த மாசத்தில் இருந்தே மாசம் 1,560 ரூபாயைத் தனியாக எடுத்து வைங்க. ஆறு மாசம் அதை ஒரு சிரமமும் இல்லாமல் செய்ய முடிந்தால், உங்க சம்பளம் இந்த மெஷினைத் தாங்கும். மூணாவது மாசமே அந்தப் பணத்தை எடுத்துச் செலவு பண்ணிட்டீங்கன்னா, தாங்காது.